மீயோவுக்கு வயது போன கதை

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று ஸ்ரூடியோவில் கேக் வெட்டினார்கள். டவுண்ரவுணில் இருக்கும் ஓர் அனிமேஷன் கொம்பனி அது. கடைசிச் சில வருடங்கள் அங்கேதான் பின்னணிக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பிள்ளை தர்ஷி, கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள், கேக் தட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டா? டோன்ற் மைன்ட் ஓகே? நீங்கள் ஏன் ஸ்ரெபிலைஸரை எப்பவும் ஓஃப் பண்ணி வச்சிருக்கிறீங்கள்? உங்கட லைன்ஸ் எல்லாம் கொஞ்சம் ஆடுது. இட்ஸ் நைஸ், பட் ஆடுது."

ஸ்ரெபிலைஸர் என்பது திரையில் வரைகிறவர்களுக்காகச் செய்த வசதி. கை ஆடினாலும் கோடு ஆடாது. இயந்திரமே திருத்திவிடும். "அது பெரிய கதை பிள்ளை, ஒரு நாளைக்கு ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். அந்த ஒரு நாள் வருமென்று இருந்தால் வராது. இப்போது விட்பியில் மகள் வீட்டில், எல்லாரும் காலையிலேயே காரிலும் ரெயினிலும் வேலைக்குப் போனபின், எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. எழுதிவிடுகிறேன்.

இது என் கதையைவிட கினுயோ சென்செய்யின் கதை. ஜப்பானில் சித்திரக்கதை வரைகிறவர்களை உதவியாளர்கள் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் ரீச்சர் என்பதுபோல. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் சென்செய் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் இருவருக்கும் மரியாதையில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் கட்டட வரைபடம் கீறப் படித்தவள். படிப்பு முடிகிற நேரத்தில் சண்டை முற்றி, இங்கே அகதியாக வந்து, ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறையில் கணவரோடும் கைக்குழந்தையோடும் இருந்தேன். அந்தக் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. நேர்கோடு கீறத் தெரிந்த ஆள் தேவை, நடை தூரத்தில் வேலை. துண்டின் நான்கு ஓரத்தையும் எழுதியவரே கையால் கட்டம் போட்டிருந்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் இவர் வேலை தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. தோய்க்கப் போட்ட உடுப்பை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

மரங்கள் நிறைந்த ஒரு தெருவில், ஒடுங்கிய செங்கல் வீடு. கதவைத் திறந்த சென்செய் என் தோளுயரம்தான் இருந்தார். அகலமான வெள்ளை ஏப்ரன், கைமுட்டு வரை கறுப்பு உறை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு தாள், பேனை, அடிமட்டம் மூன்றையும் முன்னால் வைத்தார். கீறிக் காட்டினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாரும்" என்றார். கணவரிடம் வந்து, ஜப்பான்காரி ஒருவரிடம் பொம்மைப் புத்தகத்துக்குப் படம் கீறும் வேலை என்றேன்.

"இஞ்சரும், உது உண்மையான வேலைதானோ? பொம்மை கீறுறதுக்கு ஆர் காசு குடுப்பினம்?" என்று கேட்டார் அவர். பாவம், எனக்கே நம்பிக்கை இல்லை.

சென்செய் வடக்கு ஜப்பானில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். தகப்பன் அங்கே படகுச் சேவையில் ரிக்கற் கிழிப்பவர். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் சிறுமிகளுக்கான சித்திரக்கதைகளைப் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்தார்களாம். கதாநாயகிக்கு அம்மாவைத் தேடி அழுவதைத் தவிர வேறு வேலையில்லை. "உவளவை ஏன் எப்ப பாத்தாலும் அழுதுகொண்டு நிக்கிறாளவை எண்டு எனக்குக் கோவம் கோவமா வந்தது. அதுதான் நானே கீறத் தொடங்கினனான்" என்பார். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவர் அனுப்பிய பக்கங்களைப் பார்த்து டோக்கியோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கெடு நெருங்கினால் பத்திரிகைக்காரர் சத்திரத்து அறையில் போட்டு, பக்கங்கள் முடியும்வரை வெளியே விடமாட்டார்களாம். பிறகு பியானோ சுதி சேர்க்கும் ஒரு கனடாக்காரரைக் கலியாணம் செய்து ரொறொன்ரோ வந்தார். கணவர் சில வருடங்களில் காலமானார். ஊருக்குத் திரும்பவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இஞ்ச இருந்தா எடிட்டர் வந்து கதவைத் தட்டமாட்டார்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவருடைய தொடர்கதை, மீயோ என்ற பெண்ணைப் பற்றியது. தீவுக்கும் கரைக்கும் இடையில் படகு ஓட்டுகிற பெண். ஒவ்வொரு மாதமும் டோக்கியோவில் சிறுமியர் பத்திரிகை ஒன்றில் வந்தது. கதை தொடங்கும்போது மீயோவுக்குப் பதினாறு வயது. நான் வேலைக்குச் சேரும்போதும் பதினாறு. என் மகள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், எனக்கு மேலாக வளர்ந்து எதிர்க்கதை பேசத் தொடங்கினாள். மீயோ பதினேழைத் தாண்டவில்லை. "அவள் ஏதோ லேகியம் சாப்பிடுறாள்போல, எனக்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாரும்" என்று கணவர் பகிடி விடுவார்.

வேலை பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடும். ஆகவே முன்னோக்கிப் போகிற படகு இடப்பக்கம் பார்க்க வேண்டும். நான் முதலில் கீறிய படகுகள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய கூத்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. நான் நம் வழக்கப்படி தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். முழுகினாலும் எண்ணெய் முழுதாகவா போகும்? குனிந்து கீறும்போது நெற்றியிலிருந்து கைக்கும் கையிலிருந்து தாளுக்கும் இறங்கிவிட்டது. படத்து வானத்தில் மை பிடிக்கவேயில்லை. சென்செய் வந்து பார்த்தார். தாளைத் தூக்கி மணந்தார். என் தலையை மணந்தார். உள்ளே போய் ஒரு பருத்தித் துணியைக் கொண்டுவந்து, என் நெற்றியை இறுக்கிக் கட்டிவிட்டு, "நல்ல வாசம். தலையோட நிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் தலைப்பாகையோடுதான் இருந்தேன்.

அவர் குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. பக்கம் பிடிக்காவிட்டால் என் மேசையில் அதைக் குப்புற வைத்துவிட்டுப் போவார். பிழை எங்கே என்று சொல்லமாட்டார். நானே தேடிப்பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆத்திரமாக வந்தது. பிறகு, குப்புறக் கிடக்கும் தாளைத் திருப்பும் முன்பே பிழை எங்கே என்று எனக்குத் தெரியத் தொடங்கியது.

வேலைப் பங்கீடு இப்படி. கதையும் பென்சில் கோடும் மனிதர்களும் சென்செய்யுடையவை. கட்டங்கள், படகு, கடல், வீடுகள், கறுப்பு நிரப்புவது எல்லாம் என்னுடையவை. அதன்மேல் ரோன் ஒட்ட வேண்டும். ரோன் என்பது நுண்ணிய புள்ளிகள் அச்சிட்ட, பின்பக்கம் பசையுள்ள மெல்லிய தாள். நிழலுக்கு ஏற்ற மாதிரி அதை வெட்டி ஒட்டி, கத்தி நுனியால் புள்ளிகளைச் சுரண்டி வெளிச்சம் எடுப்போம். அலையின் மினுக்கம் முழுவதும் அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் தாள் கிழிந்துவிடும்.

கண்களை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. சிறுமியர் சித்திரக்கதையில் கண்தான் எல்லாம். முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். சென்செய் காலையில் முதல் வேலையாக, வாய் கொப்பளித்து, ரேடியோவை நிறுத்திவிட்டு, அன்றைய பக்கங்களின் கண்களை வரைவார். மெல்லிய வட்டப் பேனையால் இமை மயிர்கள், பிறகு கருமணி, கடைசியாக வெள்ளை மையில் ஒரு பொட்டு. கோயிலில் சாமிக்குக் கண் திறக்கும்போது ஸ்தபதியைத் தவிர ஒருவரும் கிட்ட நிற்பதில்லை. நானும் அந்த நேரத்தில் தேநீர் வைக்கக் குசினிக்குப் போய்விடுவேன்.

நாங்கள் நகரின் எல்லையில், மில்லிக்கனில் வீடு வாங்கிப் போனபின்பும் பஸ்ஸும் சப்வேயுமாக அங்கேதான் வேலைக்குப் போனேன். அந்தக் காலத்தில்தான் அது தொடங்கியது. ஒருநாள் தேநீர்க் கோப்பை சாஸரில் தட்டிச் சத்தம் கேட்டது. பிறகு தினமும் கேட்டது. பிறகு சென்செய் சாஸர் இல்லாமல் குடிக்கத் தொடங்கினார். இமை மயிர்கள் தடித்தன. ஒரு கண்ணை அவர் நான்கு தரம் வெள்ளை பூசித் திரும்ப வரைந்ததைக் கண்டேன். வைத்தியர் ஏதோ பெயர் சொன்னார். ஆபத்தில்லை, சுகப்படுத்தவும் முடியாது என்றாராம். குளிசை போட்டால் கை கொஞ்சம் அடங்கியது, ஆனால் நித்திரை நித்திரையாக வந்தது. "அரைத் தூக்கத்தில மீயோ படகை மோதிப்போடுவாள்" என்று சொல்லிக் குளிசையை நிறுத்தினார்.

கதை முடியும் கட்டத்தில் இருந்தது. இன்னும் சில அத்தியாயங்கள்தான். மீயோவை ஆரம்பத்திலிருந்து தன் கையால் வரைந்த மனுசி, அவளைத் தன் கையாலேயே கரை சேர்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குக் கை விடுவதாக இல்லை.

பத்திரிகை எடிட்டர் ஓகாவா எங்கள் மாலையில், அவர்களுடைய காலையில், தொலைபேசி எடுப்பார். பேசியதை சென்செய் பிறகு எனக்குச் சொல்வார். கடுமையான ஆள், ஆனால் மரியாதை தவறாதவர். உதவியாளரே கண்ணை வரையட்டும், ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னார். சென்செய் மறுக்கவில்லை. என்னை வரையச் சொன்னார். பல நாள் பழகி ஒரு முகத்தை முடித்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அது நன்றாகத்தான் இருந்தது. சென்செய் அதைத் தன் பழைய பக்கம் ஒன்றின் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா இருக்கு. ஆனா இவளுக்கு என்னைத் தெரியாது" என்றார்.

எனக்குத் துக்கமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. ஆசிரியர் உடல்நலக் குறைவு என்று போட்டுப் பத்திரிகை தொடரை நிறுத்தி வைத்தது. நான் வழக்கம்போலப் போய் மேசையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

"பாவம் மனுசி. இனி விட்டிட்டு ஆறுதலா இருக்கலாம்தானே?" என்றார் கணவர்.

"அவ விடமாட்டா. நீங்கள் அவவைக் காணேல்லை" என்றேன்.

பனி கொட்டிய ஒரு காலையில் போனபோது மேசையில் புதுப் பக்கம் ஒன்று கிடந்தது. படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி நின்றாள். முடி நரைத்து, கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கியிருந்தது. எந்தக் கோடும் நேராக இல்லை. நடுங்கி நடுங்கித்தான் போயின. ஆனால் அந்த நடுக்கம் கன்னத்தில் சுருக்கமாகவும் கையில் நரம்பாகவும் நின்றது. கண்கள் சிறுத்து, இமை உதிர்ந்து இருந்தன. அது மீயோ என்று எனக்கு உடனே தெரிந்தது.

"அம்பது வருசம் கழிச்சு" என்றார் சென்செய். "இனி என்ர கைக்கு வாற ஆள் இவள்தான்."

கையைக் கதைக்கேற்றபடி திருத்த முடியாதபோது, கதையையே கைக்கு ஏற்றபடி திருப்பிவிட்டார். இப்படி ஒரு மூளை எனக்கு எந்தக் காலத்திலும் வராது.

ஓகாவாவுக்கு அது எட்டவில்லை. சிறுமியர் பத்திரிகையில் கிழவியா, எங்கள் வாசகர்களுக்குப் பன்னிரண்டு வயது, ஒருவரும் இந்த முகத்தைப் பார்க்க விரும்பமாட்டார்கள் என்றார். சென்செய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்கு வயசு போக நீங்கள் ஒருநாளும் விடேல்லை. நான் விடப்போறன். வேண்டாமெண்டா அவள் நடுக்கடலிலயே நிக்கட்டும்." முடிவில்லாத கதையை வைத்துக்கொண்டு பத்திரிகை என்ன செய்வது? ஸ்பீக்கரில் ஓகாவா பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. சரி, வரையுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத்தான் சோதனை. நடுங்கும் மீயோவுக்குப் பின்னால் என் படகு அடிமட்டத்தில் கீறியபடி விறைத்து நின்றது. அந்த நேர்கோடுகளுக்கு முன்னால் அவள் வெறும் பிழையாகத் தெரிந்தாள். பக்கம் குப்புற வந்தது. என் கோட்டையும் ஆட்டினால் சரி என்று நினைத்து, வேண்டுமென்றே கையை ஆட்டி ஆட்டிக் கீறினேன். அதுவும் குப்புற வந்தது. இடக்கையால் கீறிப் பார்த்தேன். அதற்கு மட்டும் சென்செய் வாய் திறந்தார்.

"என்னைப் பாத்துப் பழிப்புக் காட்டுறீரோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. குளிர்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ரொறொன்ரோ தீவுக்குப் போகும் படகில் ஏறினார். மாரி காலம். வாவியில் பனிக்கட்டி மிதந்தது. மேல்தட்டில் எங்களைத் தவிர ஒரு சனமில்லை. காற்று முகத்தை அறுத்தது. என் கையுறையைக் கழற்றச் சொல்லி, கொப்பியைத் தந்து, எதிரே இருந்த கம்பி வேலியையும் கயிற்றையும் கீறச் சொன்னார். அடிமட்டம் இல்லை. விரல் விறைத்து, படகு ஆட, ஒரு கம்பியைக் கீறி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேராகக் கீற வேண்டுமென்றுதான் முழுமனதோடு முயன்றேன். கோடு தன்பாட்டுக்கு ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது.

சென்செய் குனிந்து பார்த்தார். "உதுதான். நேராப் போக ஆசைப்படுற கோடு. நானும் அப்பிடித்தான் கீறுறனான்" என்றார்.

கடைசி அத்தியாயங்களை அப்படியே வரைந்தோம். நான் அடிமட்டத்தை மேசை லாச்சியில் போட்டு மூடிவிட்டு, வெறும் கையால், நேராக வர வேண்டுமென்று உண்மையாகவே முயன்று கீறினேன். படகும் கடலும் மீயோவும் ஒரே பக்கத்தில் ஒன்றாக மூச்சுவிடத் தொடங்கினார்கள். கடைசிப் பக்கத்தில் மீயோ படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறாள். அந்தக் கண்ணின் வெள்ளைப் பொட்டை வைக்க சென்செய் ஒரு காலை முழுவதும் எடுத்தார். இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார். நான் குசினியிலிருந்து மூச்சுக்கூட விடவில்லை.

பக்கங்கள் டோக்கியோவுக்குப் போயின. சில நாளில் அச்சுக்கு முந்தின பிரதி கணினியில் வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். சென்செய் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். எல்லாவற்றையும் சேர்த்து மேசையில் குப்புற வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பிப் பார்த்தேன். அங்கே யாரோ ஒரு நல்ல மனம் படைத்த புதுப் பிள்ளை, ஆசிரியருக்குச் சுகமில்லை, கோடு ஆடியிருக்கிறது என்று இரக்கப்பட்டு, எல்லாக் கோடுகளையும் கணினியில் இழுத்து நேராக்கி வைத்திருந்தது. சுருக்கங்கள் போய்விட்டன. நரைத்த முடியோடு ஒரு மெழுகுப் பொம்மை சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தொலைபேசி அடித்தது. சென்செய் அசையவில்லை. நான் எடுத்தேன். ஓகாவாதான். எனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை, பக்க ஓரத்தில் நீலப் பென்சிலால் எழுதும் வேலைக் குறிப்புகள் மட்டுமே. கறுப்பு நிரப்பு, வெள்ளை அடி, தொடாதே, அப்படியே விடு. அவற்றில் தேவையானதை எடுத்துச் சொன்னேன். "கோடு. தொடாதே. அப்படியே விடு. கோடு. தொடாதே." அதோடு பாஷை தீர்ந்துவிட்டது. ஆத்திரம் தீரவில்லை. பிறகு என் வாயில் வந்தது தமிழ்தான்.

"ஐயா, உது பிழையில்லை! உது அவவின்ர கை! நீங்கள் அவவின்ர கையை எல்லோ வெட்டி எறிஞ்சுபோட்டீங்கள்!"

ஓகாவாவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் மெதுவாக, "ஹாய்" என்றார். அவர்கள் பாஷையில் ஓம், சரி என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால் சென்செய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அடுத்த நாள் வந்த பிரதியில் ஒவ்வொரு நடுக்கமும் இருந்த இடத்தில் இருந்தது.

பத்திரிகை வெளிவந்தபின் ஒரு மாலை, ஓகாவா மீண்டும் தொலைபேசி எடுத்தார். காதில் வைத்தால் ரிசீவர் கன்னத்தில் தட்டுகிறது என்று சென்செய் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது வழக்கம். ஓகாவா நெடுநேரம் பேசினார். இடையிடையே நிறுத்தினார். சென்செய் எனக்காகத் துண்டு துண்டாகச் சொன்னார்.

ஓகாவா அந்தப் பத்திரிகையை வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அவருடைய தாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று அலுத்துக்கொள்கிறவராம். சித்திரக்கதை ஒன்றைத் தன் ஆயுளில் திறந்து பார்த்ததில்லையாம். ஓகாவா குளித்துவிட்டு வந்து பார்த்தால், தாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்திருக்கிறார்.

"அம்மா அவரிட்ட ஒண்டு கேட்டவவாம்" என்றார் சென்செய். "'உதில என்னை ஆர் கீறினது?' எண்டு கேட்டவவாம்."

ஸ்பீக்கரில் ஓகாவா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன் என்றாராம். நான் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்துவிட்டுத் தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்தேன். சென்செய் நடுங்கும் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

"நான்தான் கீறினனான் எண்டு அம்மாவிட்டச் சொல்லுங்கோ" என்றார்.